நிறுத்து என்று நான் சொன்னது

விசாரணைக் குழுவின் கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இணைப்பாக ஒரு தாள். விமானி அறையில் பதிவான எங்கள் பேச்சின் கடைசி ஒன்றரை நிமிடத்தை வரி வரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரம் போட்டிருந்தார்கள். எல்லா வரிகளும் ஆங்கிலம். ஒன்று மட்டும் தமிழ். கேப்டன்: "நிறுத்து." அதற்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் 'ஸ்டாப்' என்று எழுதி, எழுதியதில் நம்பிக்கை இல்லாமல் ஒரு கேள்விக்குறியையும் வைத்திருந்தார். இந்தச் சொல் யாரை நோக்கி, என்ன பொருளில் சொல்லப்பட்டது என்று குழு கேட்டது. பதிலுக்கு நான்கு கோடுகள் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அந்தக் கேப்டன் நான். நான்கு கோடு எனக்கு எங்கே போதும் என்று அன்று நினைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். நடந்ததை நீல மையில், பேசியதைக் கருப்பு மையில். விமானம் ஓடுபாதையில் மூக்கைத் தேய்த்து நின்ற அன்றும், ஹோட்டல் அறைக்கு வந்து ஷூவைக் கழற்றும் முன்பே எழுதிவிட்டேன். கருப்பு மையில் 'நிறுத்து'. அதன் கீழே நீல மையில்: 'வேகத்தை வாசிப்பதை நிறுத்தச் சொன்னேன். எஞ்சின்களை அல்ல.'

ஆக, குழு கேட்பதற்கு மூன்று வாரம் முன்பே அதற்கான விடை என் கைப்பெட்டியில் இருந்தது. ஆனால் அந்த மூன்று வாரத்தில், அதே எஞ்சின்களை நிறுத்தியதற்காக நான் இரண்டு மாலைகள் வாங்கியிருந்தேன். மூன்றாவது மாலைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

அன்று காலை நடந்தது இது. இறங்குவதற்காகச் சக்கரங்களை வெளியே தள்ளும் பிடியைக் கீழே இறக்கினோம். மூன்று பச்சை விளக்குகள் எரிய வேண்டும். இறக்கைகளுக்கடியில் உள்ள இரண்டு பெரிய சக்கரத் தொகுதிகளுக்கான விளக்குகள் எரிந்தன. மூக்குச் சக்கரத்துக்கானது எரியவில்லை. மறுபடி மேலே ஏறினோம். பிடியை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். புத்தகத்தில் சொல்லியிருக்கும் மாற்று வழியையும் பார்த்தோம். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு முன்னால் தாழப் பறந்து காட்டியபோது, மூக்குச் சக்கரம் பாதி மடிந்த நிலையில் நிற்கிறது என்று அங்கிருந்து சொன்னார்கள். எரிபொருளைக் குறைப்பதற்காக ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்தோம்.

இப்படி இறங்குவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் சக்கரத்தைப் பற்றியே கேட்பார்கள். சக்கரம் வராது என்று தெரிந்த பிறகு அதைப் பற்றி யோசிக்க எங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. யோசிக்க வேண்டியது எஞ்சின்களை எப்போது நிறுத்துவது என்பதைத்தான். பெரிய சக்கரங்கள் தரையைத் தொட்ட பிறகும் கண்ட்ரோலைப் பின்னால் இழுத்துப் பிடித்து மூக்கைக் கொஞ்ச நேரம் காற்றிலேயே வைத்திருக்கலாம். அதற்குத் தேவையான விசையை எஞ்சின்கள்தான் கொடுக்கின்றன. நிறுத்தினால் சில விநாடிகளுக்குத்தான் அது மிச்சம் இருக்கும். சீக்கிரம் நிறுத்தினால் கை வெறுங்கையாகிவிடும். தாமதித்தால், மூக்கு தரையில் உரசித் தீப்பொறி பறக்கும் நேரத்தில் எஞ்சின்களுக்குள் எரிபொருள் பாய்ந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சில விநாடிகள். அந்த இடத்தை முன்கூட்டியே குறித்துவைப்பது கேப்டனின் வேலை.

நான் குறித்து வைத்தேன். துணை விமானியிடம் தெளிவாகச் சொன்னேன். மூக்கு மேலே இருக்கும்போதே நிறுத்த வேண்டும். வேகம் தொண்ணூறுக்கு வரும்போது. நான் ஆங்கிலத்தில் 'எஞ்சின்ஸ் ஆஃப்' என்று சொன்ன பிறகு மட்டும். அவர் திருப்பிச் சொன்னார். ஓடுபாதையில் இறங்கியதும் வேகத்தை அவர் உரக்க வாசித்துக்கொண்டே வர வேண்டும் என்பதும் ஏற்பாடு.

துணை விமானி திருப்பத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். முப்பதைத் தாண்டியவர். அடுத்த மாதம் அவருக்குக் கேப்டன் பதவிக்கான போர்டு, அதாவது தேர்வுக் குழுவின் நேர்காணல், இருந்தது. எனக்கு ஊர் சந்தவாசல். தரையில் தமிழும் ஆகாயத்தில் ஆங்கிலமும் எங்கள் வழக்கம், விதியும் அதுதான். ஆனால் வட்டமடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தில், சரிபார்க்க வேண்டியவற்றையெல்லாம் சரிபார்த்து முடித்த ஒரு சின்ன இடைவெளியில், "காலைல சாப்ட்டீங்களா சார்?" என்று அவர் கேட்டார். பாதி இட்லி என்றேன். அங்கேயே விதி ஓட்டையாகிவிட்டது. பிறகு அந்த ஓட்டை வழியாகத்தான் மற்றொரு சொல்லும் வந்தது.

இறங்கினோம். பெரிய சக்கரங்கள் மெதுவாகத்தான் தொட்டன. மூக்கைத் தூக்கிப் பிடித்தேன். அவர் நூற்றிருபது என்றார், நூற்றுப் பதினைந்து என்றார், நூற்றுப் பத்து என்றார். அந்தக் குரல் என் காதுக்குள் ஆணி அடிப்பதுபோல இருந்தது. என் கண்ணுக்கு முன்னால் அதே எண்கள் எரிந்துகொண்டிருந்தன. "நிறுத்து" என்றேன். மறு விநாடி இரண்டு எஞ்சின்களும் அடங்கத் தொடங்கின. எனக்கு முதலில் அது புரியவே இல்லை. புரிவதற்குள் மூக்கு இறங்கிவிட்டது. தொண்ணூறு வரை தாங்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்த மூக்கு நூறிலேயே தரையைத் தொட்டுவிட்டது. இரும்பு தேயும் சத்தம் நீளமாக வந்தது. நெருப்பு வரவில்லை. பயணிகள் காற்றடைத்த சறுக்குப் பைகள் வழியாக இறங்கினார்கள். யாருக்கும் அடி இல்லை. முதலில் என்னை நோக்கி வந்தவர், அடுத்த விமானத்தைப் பிடிக்கத் தன்னுடைய பெட்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

பிறகு நிறுவனத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. விமானத்தின் நிலை எதிர்பாராமல் மாறுவதை உணர்ந்து, திட்டமிட்டதற்கு முன்பே கேப்டன் எஞ்சின்களை நிறுத்தியதால் பெரிய தீ விபத்து தவிர்க்கப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். கூடவே, கருவியில் பதிவானவற்றின் வரைபடம். அதில் எஞ்சின் கோடு விழும் இடத்தைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டியிருந்தார்கள். அதற்குச் சற்று மேலே பிரேக் கோடு ஒன்று இருந்தது. எஞ்சின்கள் அடங்குவதற்கு முன்பே அது எழும்பத் தொடங்கியிருந்தது. அதை யாரும் வட்டமிடவில்லை. மூக்கு ஏன் நூறிலேயே இறங்கியது என்பதற்கு விடை அந்தக் கோடு. பெரிய சக்கரங்களில் பிரேக் பிடித்தால் மூக்கு குனியும். எனக்கே தெரியாமல் என் கால் பிரேக்கை மிதித்திருந்தது. என் திட்டத்தை என் காலே கெடுத்தது. அந்தத் திட்டத்தின்படி நடந்திருந்தால், எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூக்கு தரையில் மோதியிருக்கும். சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்ட துணை விமானிதான் எங்கள் எல்லாரையும் காப்பாற்றினார். மாலை எனக்கு.

கடிதத்துக்கு உண்மையாகப் பதில் எழுதினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். கேப்டன் சொல்லாமலே துணை விமானி இரண்டு எஞ்சின்களையும் நிறுத்தினார் என்று ஆகும். விளைவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் போர்டில் உட்காருகிறவர்களுக்கு அது பிடிக்காது. எஞ்சின்களை நிறுத்தத்தான் சொன்னேன் என்று எழுதினால் அவர் பத்திரம், எனக்குப் பாராட்டு. பொய் சொல்ல இவ்வளவு கௌரவமான காரணம் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

விசாரணை முடியும்வரை பறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் நான் சந்தவாசலில் இருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், வேலையை விட்டு எடுத்துவிட்டார்களா என்று என் மனைவியிடம் தணிந்த குரலிலும், விமானத்தை எப்படி இறக்கினேன் என்று என்னிடம் உரத்த குரலிலும் கேட்டார்கள். மனைவியின் தம்பி மலைக்கும் அடிவாரத்துக்கும் இடையே பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். மேலேயிருந்து புளியும் சாமையும் ஏற்றிக்கொண்டு வந்து அடிவாரத்துக் கடைகளுக்குப் போடுவான். சில நாள் திருப்பத்தூர் வரை போவான். மலையில் அவன் சரக்கு எடுக்கும் ஊர்க்காரர்கள் எனக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். ஏற்பாடு முழுவதும் அவனுடையது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு விழா. பதிலை அனுப்பக் கடைசி நாள் திங்கட்கிழமை.

போனதும் பேனர்தான் கண்ணில் பட்டது. என் படத்துக்குப் பின்னால் நான்கு எஞ்சின் உள்ள விமானம் ஒன்று பறந்தது. நான் வாழ்நாளில் ஓட்டியதெல்லாம் இரண்டு எஞ்சின் விமானம்தான். கீழே பெரிய எழுத்தில்: 'நடுவானில் விமானத்தை நிறுத்தி உயிர்களைக் காத்த எங்கள் மாப்பிள்ளையே, வருக!' நடுவானில் நிறுத்தினால் யாரும் வர முடியாது என்று மச்சானிடம் சொன்னேன். பிரிண்ட் போடுகிறவரிடம் போனிலேயே சொல்லி எழுதவைத்ததாகவும், 'எஞ்சினை' என்று சொன்னதை அவர் விட்டுவிட்டதாகவும், இருந்தாலும் படிக்க நன்றாகத்தானே இருக்கிறது என்றும் அவன் சொன்னான்.

ஊராட்சித் தலைவர் பேசினார். மாலை போட்டார்கள். சாமைப் பொங்கலும் பலாச்சுளையும் கொடுத்தார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று மச்சான் மைக்கில் சொன்னபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த புளிந்தோப்புக்காரர் ஒருவர் எழுந்தார். ஏதோ கொள்முதல் விலையைக் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டார்.

"எஞ்சின அமத்துனா ஏரோப்ளேன் வுழாதுங்களா?"

அப்போது விமானம் தரைக்கு வந்துவிட்டது, ஓடிக்கொண்டிருந்தது என்று விளக்கினேன்.

"தரைக்கு வந்த அப்புறம்தான் நிறுத்தினீங்களா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப அதுல இன்னாங்க இருக்குது? தரையில ஓடுற வண்டிய நாங்களுந்தான் நிறுத்துறோம்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று பேசியவர்களில் விஷயத்துக்கு மிக அருகில் வந்தவர் அவர்தான். நாட்குறிப்பில் அவருக்காகத் தனி வரி ஒதுக்கினேன்.

இறங்கும்போது முன் இருக்கையில் நான், பின்னால் புளி மூட்டைகள். மலையுச்சியில் ரோடு சரியத் தொடங்கும் இடத்தில், மச்சான் கியரை விடுவித்துச் சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினான். காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. வண்டி தானாக இறங்கத் தொடங்கியது. டீசல் மிச்சம் பிடிக்க அந்த ரோட்டில் பலரும் செய்வதுதான் அது. நான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்கு முழு பலம் வரும், நிறுத்திவிட்டால் இரண்டு மூன்று மிதியோடு அது கட்டையாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும், அடுத்த கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால் என்ன செய்வாய் என்று வரிசையாகக் கேட்டேன். வேகம் குறைந்த பிறகு நிறுத்துவது வேறு, வேகம் எடுக்கும் முன் நிறுத்துவது வேறு என்றும் சொன்னேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

"நீங்க ரெண்டு எஞ்சின அமத்துனா மாலை. நான் ஒண்ண அமத்துனா திட்டா மாமா?"

"நான் அமத்தினது தரைக்கு வந்த அப்புறம்."

"நான் தரைய வுட்டே போவலியே."

ஆனாலும் நான் பிடிவாதமாக இருந்ததால், அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டு, இரண்டாவது கியரில் இறக்கினான். வளைவுக்கு வளைவு நான் காலை முன்னால் வைத்துத் தரைத் தகட்டை அழுத்திக்கொண்டு வந்தேன் என்பது அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"அந்தப் பக்கம் பிரேக்கு இல்ல மாமா. ஏன் சும்மா மிதிக்கறீங்க?"

காலை இழுத்துக்கொண்டேன். வரைபடத்தில் எழும்பியிருந்த அந்தக் கோடு ஞாபகத்துக்கு வந்தது.

அந்த ரோட்டில் செல்போனுக்குச் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு வளைவில். அங்கே வந்தபோது என் போன் அடித்தது. துணை விமானி. அவருக்கும் அதே குழுவிலிருந்து கடிதம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வளைவைத் தாண்டினால் தொடர்பு போய்விடும் என்பதால் அவசரமாக மச்சானைப் பார்த்து, "நிறுத்து" என்றேன்.

அவன் மகிழ்ச்சியோடு கியரை விடுவித்து எஞ்சினை நிறுத்தினான். வண்டி நிற்கவில்லை. சத்தமில்லாமல் உருண்டு வளைவைத் தாண்டியது. போன் அடங்கியது.

"நிறுத்தச் சொன்னேனே."

"நிறுத்திட்டேனே."

"வண்டிய."

"வண்டியத்தான் மாமா நிறுத்தினேன். நிக்கணும்னா ஓரங்கட்டுன்னு சொல்லணும். வூட்டுல மோட்டார நிறுத்துன்னா யாராச்சும் மோட்டாரு ஓடாம புடிச்சிக்கினு நிப்பாங்களா? சுச்சத்தான் அமத்துவாங்க."

உடனே நாட்குறிப்பை எடுத்து அவன் சொன்னதை அப்படியே கருப்பு மையில் எழுதினேன். கோபம் என்று அவன் நினைத்திருப்பான். கோபமே இல்லை. மூன்று வாரமாக நான் தேடிக்கொண்டிருந்ததை அவன் என் மடியில் போட்டிருந்தான். ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் 'நிறுத்து' என்றால் அதற்கு ஒரே பொருள்தான். கிணற்று மோட்டார் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர் துணை விமானி. நான் ஒரு பொருளில் சொன்னேன். அவர் ஊர்ப் பொருளில் கேட்டார். அவர் கேட்டதுதான் சரி, நான் சொன்னதுதான் பிழை. இப்படி எழுதினால் உண்மையும் கெடாது, அவர் போர்டும் கெடாது. விதியை மீறித் தமிழ் பேசியது நான் என்பதால் பழி என்மேல் மட்டும் விழும். அதுவும் சின்னப் பழி.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். நான்கு கோடு போதாதென்று தனித்தாள் எடுத்தேன். வடமாவட்டப் பேச்சில் 'நிறுத்து', 'அமத்து', 'ஓரங்கட்டு' என்ற மூன்று சொற்களின் வேறுபாட்டை எடுத்துக்காட்டுகளோடு விளக்கி இரண்டு பக்கம் எழுதினேன். வண்டி, மோட்டார், மாவு மில் என்று வகை பிரித்தேன். மூன்றாவது எடுத்துக்காட்டுக்கு மச்சானைச் சாட்சியாகச் சேர்க்கலாமா என்றுகூட யோசித்தேன். மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, எட்டிப் பார்த்து, பாடப் புத்தகம் எழுதுகிறீர்களா என்று கேட்டாள். நன்றாக வந்திருந்தது. அனுப்பும் முன் துணை விமானிக்கு வாசித்துக் காட்டிவிடுவதுதான் முறை என்று அவரை அழைத்தேன். மாலை ஐந்து மணி இருக்கும்.

நான் உண்மையில் சொல்லவந்தது வேகம் வாசிப்பதை நிறுத்து என்றுதான் என்பதை முதலில் அவருக்குச் சொன்னேன். அவர் தப்பாகக் கேட்டதாக யாரும் எண்ணாதபடி எழுதியிருக்கிறேன் என்றேன். பிறகு இரண்டு பக்கத்தையும் வாசித்தேன்.

"மோட்டார் கதை நல்லா இருக்குது சார்," என்றார் கடைசியில். "ஆனா நான் அப்டி நெனச்சி நிறுத்தல."

"வேற எப்டி?"

"ஸ்பீடு சொல்றதத்தான் நிறுத்தச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியும் சார். அந்தக் கொரலே அப்டித்தான் இருந்திச்சி. ஆனா உங்க கால் பிரேக்குல இருந்திச்சி. மூக்கு எறங்குறது எனக்குத் தெரிஞ்சிடுச்சி. நீங்க தொண்ணூறுக்காக வெயிட் பண்ணிக்கினு இருந்தீங்க. உங்ககிட்ட சொல்லிப் புரியவெக்க நேரம் இல்ல. அந்த நேரம் பாத்து நீங்களே ஒரு வார்த்த சொன்னீங்க. அத வெச்சிக்கினேன்."

என் கையில் இருந்த இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். மூன்று சொற்களும் அடிக்கோடிட்டு அழகாக இருந்தன.

குழுவுக்கு அவர் என்ன எழுதினார் என்று கேட்டேன். கேப்டன் உத்தரவு என்று எழுதி முந்தின நாளே அனுப்பிவிட்டதாகவும், அதைச் சொல்லத்தான் மத்தியானம் அழைத்ததாகவும் சொன்னார். ஏன் அப்படி எழுதினார் என்று கேட்டேன்.

"அடுத்த மாசம் எனக்கு போர்டு சார்." பிறகு சொன்னார்: "உங்களுக்கும் மாலை போட்டுட்டாங்க. போட்ட மாலைய எப்டி வாங்கி இன்னொருத்தர் கழுத்துல போடறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. நான் என்ன எழுதப்போகிறேன் என்று கேட்டார். நான் சொன்ன சொல்லுக்கு என்ன பொருள் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள், அதை எழுதுவேன் என்றேன்.

"அப்போ நான் எழுதினது பொய்யா ஆயிடும்."

"ஆமா."

இந்த இடத்தில் அவர் பேசாமல் இருந்தார். என் மேசைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு விநாடி. அன்று பெரிய சக்கரங்கள் தொட்டதிலிருந்து மூக்கு தொட்டது வரைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆனது. பொய்யை அப்படியே விட்டுவிடலாம் என்று நான் சொல்ல வேண்டும் என அவர் எதிர்பார்த்திருக்கலாம். சொல்லத் தயாராகவும் இருந்தேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவர் கேட்கவில்லை. "நாளைக்குக் காலைல அனுப்புங்க சார். நானும் மாத்தி எழுதி அனுப்பிடறேன். ரெண்டும் ஒரே நாள்ல போய்ச் சேரட்டும்," என்றார்.

இரண்டு பக்கத்தையும் மடித்து நாட்குறிப்புக்குள் வைத்தேன். காலையில் குழுவின் தாளை எடுத்தேன். முதல் கோட்டில், வேகத்தை வாசிப்பதை நிறுத்தும்படி துணை விமானியிடம் சொன்னேன் என்று எழுதினேன். இரண்டாவதில், எஞ்சின்களை நிறுத்தச் சொல்லவில்லை என்று எழுதினேன். மூன்றாவதில், அவற்றை நிறுத்தியது அவர் முடிவு, நான் குறித்திருந்த நேரத்தைவிட அவர் நிறுத்திய நேரமே சரி என்று எழுதினேன். ஒரு கோடு மிச்சம் இருந்தது. அதில், எஞ்சின்கள் நிற்பதற்கு முன்பே பிரேக்கை மிதித்தது நான் என்று எழுதினேன். நான்கு கோடு சரியாகப் போதுமானதாக இருந்தது. கோடு போட்டவர்கள் அனுபவசாலிகள்.

குழு எங்கள் இருவரையும் நேரில் அழைத்துத் தனித்தனியாக விசாரித்தது. முதல் பதிலை மாற்றியதற்காக அவருக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. அவருடைய போர்டு இரண்டு மாதம் தள்ளிப்போனது. இருவரும் சிமுலேட்டரில் மறுபயிற்சி எடுக்க வேண்டும் என்றும் உத்தரவானது. கேப்டனின் உத்தரவுக்குக் காத்திருப்பதில் பயிற்சி அவருக்கு. கால் வைப்பதில் பயிற்சி எனக்கு. விமானி அறையில் அங்கீகரிக்கப்படாத மொழிகளைத் தவிர்க்க வேண்டும் என்று எல்லா விமானிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போனது. எரியாமல் தப்பிய விமானம் பற்றிய விசாரணையில், எல்லாருக்கும் பயன்படும் முடிவு என்று வெளியே வந்தது அது ஒன்றுதான்.

சிமுலேட்டரில் எங்களுக்கு அதே கோளாறைக் கொடுத்தார்கள். அவர் வேகத்தை வாசித்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். காலைத் தரையில் ஊன்றி வைத்திருந்தேன். தொண்ணூறில் அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சொன்னேன், அவர் நிறுத்தினார், மூக்கு அதன்பிறகு இறங்கியது. எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே நடந்தது. பயிற்றுநர் திருப்தி என்று எழுதினார். அப்படி ஓர் இறக்கத்தை நான் நிஜத்தில் செய்ததில்லை.

போர்டில் அவரிடம் பெரும்பாலும் அந்த நாளைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். வெளியே வந்ததும் எனக்குப் போன் செய்தார். மறுபடி அதே நிலை வந்தால் கேப்டன் சொல்லாமல் நிறுத்துவீர்களா என்பதுதான் கடைசிக் கேள்வியாம்.

"மொதல்ல வாயத் தொறந்து, மூக்கு எறங்குதுன்னு சொல்லுவேன்னேன் சார். அன்னிக்கு அத நான் சொல்லல. நீங்க வாசிக்காதன்னு சொன்னத மட்டும் சாக்கா எடுத்துக்கினேன். கேப்டன் கேக்கலன்னா இன்னா பண்ணுவீங்கன்னாங்க. கேக்கற மாரி சொல்லுவேன்னேன்."

தேறிவிட்டார். இப்போது அவர் கேப்டனுக்குரிய இடப்பக்க இருக்கையில் உட்காருகிறார். தன் துணை விமானிகளிடம் முதல் நாளே, என் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள், தப்பாக இருந்தால் சத்தமாகச் சொல்லுங்கள் என்று சொல்லிவிடுகிறாராம். அது என்னிடமிருந்து கற்றுக்கொண்டதா என்று கேட்டேன். ஒரு விதத்தில் ஆமாம் என்றார்.

மூன்று மாலையும் அவருக்குச் சேர வேண்டியவை என்று மச்சானிடம் ஒரு நாள் சொன்னேன். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டான். மாலையெல்லாம் எப்போதோ காய்ந்து குப்பைக்குப் போய்விட்டது என்றான்.

"பேனர் மட்டும் இருக்குது மாமா. கெட்டியான சாமான். அந்தம்மாவுக்கு வேணும்னா சொல்லுங்க, திருப்பத்தூர் போறப்ப அவங்க வூட்டுல குடுத்துட்டு வர்றேன். போட்டோவ மட்டும் கத்திரிச்சிடலாம்."

அதைப் புளி மூட்டைகள் நனையாமலிருக்க வண்டிமேல் போர்த்திக் கட்டியிருந்தான். என் முகம் உள்பக்கம் மடிந்துபோயிருந்தது. வெளியே தெரிந்தது 'நடுவானில் விமானத்தை நிறுத்தி' என்பது வரைக்கும்தான். போன வாரம் அவனோடு மறுபடி மலையிலிருந்து இறங்கினேன். உச்சியில் சாவியைத் திருகப்போனவன் என்னைப் பார்த்தான். என் கால் ஏற்கெனவே தகட்டின்மேல் இருந்தது. சாவியை விட்டுவிட்டான்.